ஓடாத நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

ஏழு நாட்களில் ஏழு கண்டங்களில் ஏழு மாரத்தான் ஓடும் சவால் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 168 மணி நேரம், சுமார் 295 கி.மீ. என்று செய்தி முழுக்கக் கணக்குதான். சரி, ஆனால் உண்மையான சோதனை ஓட்டங்களுக்கு இடையில்தான் இருக்கிறது: விமான இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு அரைத் தூக்கம், அண்டார்க்டிகப் பனியில் ஓடிய கையோடு கேப் டவுனின் வெயில். ஒரு மாரத்தானுக்குப் பின் தசைகள் தேறவே வாரக்கணக்கில் ஆகும். இங்கே கிடைப்பது சில மணி நேரம். நான் ஒரே ஒரு மாரத்தான் ஓடியவன். மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாகத்தான் இறங்க முடிந்தது. கால் நகம் ஒன்று கறுத்துக் கழன்றது வேறு.

2003இல் பிரிட்டிஷ் சாகசப் பயணி ரனுல்ஃப் ஃபியன்ஸ் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களிலேயே இப்படி ஓடியதைப் பெருமையாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். கூடவே ஓடிய மைக் ஸ்ட்ரவுட் ஒரு மருத்துவர் என்பது விடுபட்டுவிட்டது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஷூ வாங்கக் கிளம்புபவர்களும் உண்டு. இனி இத்தகைய செய்திகளில், ஓடியவர் எத்தனை ஆண்டு பயிற்சி எடுத்தார், இடையில் எவ்வளவு தூங்கினார், என்ன மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டார் என்பதை நான்கு வரிப் பெட்டிச் செய்தியாகவாவது சேர்க்கலாம்.