பேனல் சாய்ந்திருக்கிறது, கருவியும் சாயட்டும்: கொங்கு மண்டலத் தொழில் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டத் தொழில் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் உறுப்பினர்களின் மில், பனியன் கம்பெனி, விசைத்தறிக் கூடக் கூரைகளில் சோலார் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று எழுதிக் கையெழுத்தாகிறது. யூனிட் குறைந்தால் பொருத்தியவர், "இந்த வருசம் வெயில் கம்மிங்க" என்கிறார். முதலாளி பேனல் மேல் சந்தேகப்படுகிறார். கூரையில் விழுந்த வெயிலை அளக்காதவரை இந்த வழக்கு தீராது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறோம்: 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும், பேனலின் சாய்விலும் திசையிலும் பொருத்திய கதிர்வீச்சுக் கருவி ஒன்று கட்டாயம் என்று உங்கள் மாதிரி ஒப்பந்தத்தில் சேருங்கள்.

சாய்வை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், வழக்கமாகக் கிடைக்கும் வெயில் கணக்கு சமதளத்துக்கு உரியது. கோவை இருப்பது 11 டிகிரி வடக்கில். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 34 டிகிரி தெற்கே சரிந்து நிற்கும். தெற்கு நோக்கி 10 டிகிரி சரிந்த தகர ஷெட்டில் அப்போது நேர்வெயில் சமதளத்தைவிட 10 சதவீதம் கூடுதல். அதே ஷெட்டின் வடக்குச் சரிவில் 13 சதவீதம் குறைவு. ஜூன் 21இல் சூரியன் நம் தலைக்கு வடக்கே 12 டிகிரி போய்விடுவதால் நிலை தலைகீழாகும், ஆனால் வித்தியாசம் சிறியது. இரண்டு சரிவிலும் பேனல் போட்டிருந்தால் இரண்டு கருவி வேண்டும்.

சாய்வால் வரும் இந்தக் கூடுதல், குறைவு நேர்வெயிலுக்கு மட்டுமே பொருந்தும். மேகத்தில் சிதறி வரும் வெளிச்சத்துக்கு 10 டிகிரி சாய்வு ஏறக்குறைய எதையும் மாற்றாது; பேனல் அப்போதும் வானத்தின் 99 சதவீதத்தைப் பார்க்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் வரும் ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் பல நாள் சிதறல் வெளிச்சமே மிகுதி. மொத்த வெயிலையும் ஒரே சாய்வுக் காரணியால் பெருக்கித் தரும் மதிப்பீட்டை ஏற்காதீர்கள். நேர்வெயில், சிதறல் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொருத்தும்போது திசைக்குக் கைபேசித் திசைகாட்டியை நம்பக் கூடாது. இரும்புக் கூரை அதை இழுத்துவிடும். தூக்குக்குண்டு கட்டி, சூரிய நண்பகலில் நூலின் நிழலைக் குறியுங்கள். அதுதான் உண்மையான வடக்கு தெற்குக் கோடு. கோவையில் அந்த நேரம் சராசரியாக 12.22 மணி, நவம்பர் தொடக்கத்தில் 12.06, பிப்ரவரி நடுவில் 12.36. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 ஒட்டிய நாட்களில் நண்பகல் நிழலே இருக்காது. இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். அதை வடக்கென்று குறித்துவிடுகிறவர்கள் உண்டு. சாய்வில் 2 டிகிரி பிசகினால் டிசம்பர் நண்பகல் அளவு 1.5 சதவீதம் தவறும்.

கதிர்வீச்சுக் கருவியில் இரண்டு வகை: கண்ணாடிக் கவிகைக்குள் வெயிலை அளக்கும் பைரானோமீட்டர், பேனலில் உள்ளது போன்ற சோலார் செல்லால் அளக்கும் ரெஃபரன்ஸ் செல். எது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தட்டைக் கண்ணாடி போட்ட செல், பேனலைப் போலவே காலை மாலைச் சாய்வெயிலில் கொஞ்சத்தைப் பிரதிபலித்து இழக்கும். கண்ணாடிக் கவிகை கொண்ட பைரானோமீட்டர் அப்படி இழக்காது. ஒன்றால் மதிப்பிட்டு மற்றொன்றால் சரிபார்த்தால் சண்டைதான் வரும். சிக்னல் பெருக்கி இல்லாத பைரானோமீட்டர் சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலுக்குச் சுமார் 10 மில்லிவோல்ட்தான் தரும். அதன் கேபிளை இன்வெர்ட்டர் கேபிளோடு ஒரே குழாயில் விட்டால் எண் தாறுமாறாகும்.

பராமரிப்பில்தான் பெரிய தவறு நடக்கிறது. திருப்பூரில் பஞ்சுத் தூசி, நாமக்கல்லில் கோழிப்பண்ணைத் தூசி. கருவியும் பேனலோடு சேர்ந்து அழுக்கானால் இரண்டும் ஒன்றாகக் குறையும். கணக்குப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். கருவியை வாரம் ஒருமுறை துடைத்தால்தான் பேனலின் அழுக்கு நஷ்டமாக வெளிப்படும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் வேண்டும்.

கணக்கு எளிது. சாய்தளத்தில் ஒரு நாள் வெயில் சதுர மீட்டருக்கு 5.5 யூனிட் என்றால், 100 கிலோவாட் நிலையத்தின் உச்சக் கணக்கு 550 யூனிட். மீட்டரில் 430 வந்தால் 78 சதவீதம். பேனலின் திறன் 25 டிகிரியில் கணக்கிடப்பட்டது; சித்திரையில் அது 60 டிகிரி சூடேறினால், கூடுதலான 35 டிகிரிக்கு, டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 12 சதவீதம் அதிலேயே போய்விடும், அது பழுதல்ல. அதனால் பேனலின் முதுகில் ஒரு வெப்ப உணரியும் ஒட்டச் சொல்லுங்கள்.

சிறு பட்டறைகளுக்கு அமைப்பே ஒரு நல்ல பைரானோமீட்டர் வாங்கி முறைவைத்துத் தரலாம். அதனருகில், அதே சாய்வில் ஒரு 10 வாட் பேனலை வைத்து, 0.1 ஓம் ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வழியே அதன் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தைத் தெளிந்த வானில் பைரானோமீட்டர் அளவோடு ஒப்பிட்டுக்கொண்டால், பிறகு அந்தச் சின்னப் பேனலே உறுப்பினரின் கூரையில் நிரந்தரக் கருவியாக நிற்கும். கார்த்திகைக்குள் முடிவெடுத்தால் மார்கழியில் பொருத்தலாம்: அப்போது நிழல் நீளம், இரு சரிவுக்குமான வித்தியாசமும் உச்சம், பிசகு உடனே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கூரைச் சோலார் பொருத்திப் பராமரிக்கும் தொழில்நுட்பர்கள்