2025-ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயலவையினரே, ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி இந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிலம், நீர், வானம் பற்றிய அறிவியலைத் தமிழில் பேசவும் படிக்கவும் என்று பினாங்கில் தொடங்கிய நம் வட்டத்தின் 2025-ஆம் ஆண்டு நடவடிக்கைகளைச் சபையின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டுக் கூட்டக் குறிப்பு புலன (வாட்ஸ்அப்) குழுவில் முன்பே அனுப்பப்பட்டுவிட்டது.

பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். மார்ச் மாதம் பென்னு என்ற சிறுகோளைப் பற்றி உரை நடந்தது. ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023-இல் பூமிக்குக் கொண்டுவந்த 121.6 கிராம் மண்ணில், உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக ஜனவரியில் வெளியான ஆய்வை ஒட்டிய உரை அது. நல்ல கூட்டம். ஜூன் மாதம் தேசியப் பூங்காவுக்குள் பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரை நடந்தோம். மேலே நன்னீரும் அடியில் கடல்நீரும் கலக்காமல் நிற்கும் ஏரி அங்கே இருக்கிறது. நாங்கள் போனபோது நீர் வற்றிப் பெரும்பகுதி சேறாகக் கிடந்தது. செப்டம்பர் 7 இரவு முழு சந்திர கிரகணம். பின்னிரவு 1.30 முதல் 2.52 வரை நிலா செம்பு நிறத்தில் நின்றது. மேகம் அவ்வப்போது மறைத்தாலும் பிள்ளைகள் தூங்காமல் பார்த்தார்கள். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் விளக்கமும் இரண்டு முறை நடந்தது.

செயலவைக் கூட்டங்கள் அட்டவணைப்படி கூட்டப்பட்டன. சில கூட்டங்களைப் போதிய ஆள் சேராமல் ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. வர முடியாது என்று முதல் நாளே சொன்னால் மண்டபத்துக்குக் கட்டும் வாடகையாவது மிஞ்சும்.

இனி மழைமானித் திட்டத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி வெளியே பல பேச்சு நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தீவின் நடுவே கொடிமலை 833 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஜெலுத்தோங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும், அதே நேரத்தில் ஆயர் ஈத்தாமில் கால்வாய் பொங்கும். இங்கே பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். தென்மேற்குப் பருவத்தில் சுமத்திராப் பக்கமிருந்து இடிமழை வரிசையாகத் திரண்டு விடியற்காலையில் கரையை அடிக்கும். பிற்பகலில் மலைமேல் மேகம் குவிந்து பெய்வது வேறு வகை மழை. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அளக்கும் மழை பாயான் லெப்பாஸுக்குச் சரி. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் தானியங்கி மானிகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு மானிக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனையோ தாமான்கள், அதாவது குடியிருப்புப் பகுதிகள், கிடக்கின்றன. அந்த இடைவெளியில் உறுப்பினர்களின் வீட்டு வாசலில் ஆளுக்கொரு மழைமானி வைத்துத் தினமும் காலை 8 மணிக்கு அளந்து எழுதுவதுதான் திட்டம். 2024 கடைசியில் செயலவை இதை ஏற்றுக்கொண்டது. குறிப்பேட்டில் தீர்மானமாகவே இருக்கிறது. செயலாளர் தன் விருப்பத்தைச் சங்கத்தின் தலையில் கட்டிவிட்டார் என்று பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

மழையை அளந்து என்ன ஆகப்போகிறது என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். நேரம் இல்லாததால் அன்று முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். 2017 அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் நிலம் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். இரண்டு வாரம் கழித்து நவம்பர் 4, 5 தேதிகளில் தீவும் பெருநிலமும் சேர்ந்து வெள்ளத்தில் மூழ்கின. நம் உறுப்பினர்களில் பலர் அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள்.

நம் தீவு கருங்கல்லால் ஆனது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பாறைக்குழம்பு ஆறி இறுகிய கல். நம் ஊர் வெப்பத்திலும் மழையிலும் அது மேலிருந்து கீழாக மக்கி, பல இடங்களில் ஆழமாக மணலும் களியும் கலந்த மண்ணாக மாறிவிட்டது. மக்காமல் மிஞ்சியவைதான் மலைப்பாதை ஓரம் நாம் பார்க்கும் உருண்டைப் பாறைகள். மண் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது துகள்களுக்கு நடுவில் இருக்கும் சிறிது ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாள்கணக்கில் மழை ஊறினால் அந்த இடைவெளிகள் நிரம்பிவிடும். அப்புறம் நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ளும். பிடிப்புத் தளர்ந்தால் சரிவான நிலம் நிற்காது. ஆகவே நிலம் சரிந்த நாளில் எவ்வளவு பெய்தது என்று மட்டும் தெரிந்தால் போதாது. அதற்கு முந்திய நாள்களிலும் வாரங்களிலும் எவ்வளவு பெய்தது, நடுவில் எத்தனை நாள் காய்ந்தது என்பதெல்லாம் வேண்டும்.

ஆகஸ்டில் நைசார் செயற்கைக்கோள் பற்றி நடந்த உரைக்கு வந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அந்த ராடார், 12 நாள் சுற்றில் உலகின் நிலப்பரப்பை இரண்டு முறை பார்க்கும். நிலம் சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும். ஆனால் எவ்வளவு மழைக்குப் பிறகு நகர்ந்தது என்று சொல்ல, தரையில் யாராவது அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் என் மனக்குறை. திட்டத்தில் 18 வீடுகள் சேர்ந்தன. டிசம்பர் முடியும்போது விடுபடாமல் எழுதப்பட்ட பதிவேடு ஏழுதான். மற்றவர்களில் பலர் மழை பெய்த நாளில் மட்டும் எழுதியிருக்கிறார்கள். பெய்யாத நாளில் கட்டம் காலி. கேட்டால், "மழையே இல்லையே, என்னத்த எழுதுறது?" என்கிறார்கள். சுழியம் எழுத வேண்டும். காலியாக விட்ட கட்டத்தைப் பார்க்கிறவருக்கு அன்று மழை இல்லையா, வீட்டில் ஆள் இல்லையா என்று எப்படித் தெரியும்? அந்தச் சந்தேகம் ஒரு நாளோடு நிற்காது, முன்னும் பின்னும் உள்ள நாள்களின் கணக்கையும் கெடுத்துவிடும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் 1997 ஜூலை 28 அன்று திடீர் வெள்ளம் வந்து 5 பேர் இறந்தார்கள். ஊரின் ஒரு பக்கத்தில் கொட்டிய மழை மறுபக்கத்தில் மிகவும் குறைவு. அதற்கு அடுத்த ஆண்டே பொதுமக்களின் வீட்டு மழைமானிகளைக் கொண்டு ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். கோகோராஸ் என்று பெயர். இன்று வானிலைக்காரர்களும் வெள்ளத்தை முன்னறிவிப்பவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் தங்கள் தொண்டர்களிடம் ஓயாமல் சொல்வதும் இதையேதான்: மழை இல்லாத நாளிலும் சுழியம் என்று அனுப்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில பதிவேடுகளில் ஒரு மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. எண்களும் 5, 10, 20, 30 என்றே வந்தன. மழை அப்படிப் பெய்யாது. மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பியவை அவை. அந்தப் பக்கங்களைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. இதனால் இரண்டு மூன்று உறுப்பினர்கள் என்னோடு பேசுவதில்லை. வருத்தம்தான், ஆனாலும் சேர்க்க மாட்டேன்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மாவின் பதிவேட்டை இன்று மேசையில் வைத்திருக்கிறேன். எல்லாரும் எடுத்துப் பாருங்கள். மழையில் மை ஊறிவிடும் என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். குழாயில் நீர்மட்டம் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியின் அடியைத்தான் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். அவர் முட்டி வலியோடு அதற்காகவே ஒரு சிறு முக்காலி போட்டு உட்கார்கிறார். குழாயின் அடி நனைந்து அளக்க முடியாத நாளில் "தூறல்" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். புனலில் கறிவேப்பிலை இலை அடைத்திருந்த நாளில் அதையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். மகள் வீட்டுக்கு ஈப்போ போன நாள்களில் பக்கத்து வீட்டுப் பையன் அளந்திருக்கிறான், அவன் பெயரின் முதல் எழுத்தும் இருக்கிறது. சந்தேகப்பட வேண்டிய அளவு எது என்று அவரே சொல்லிவிடுவதால் மற்ற அளவுகளை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று அந்தப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

ஏடிஸ் கொசுவுக்குப் பயந்து மானியைக் கழற்றி வைத்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தினமும் அளந்து தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசு வளர வழியே இல்லை. கொட்டாமல் விட்டால்தான் ஆபத்து, அப்படி விட்டால் அங்கே அளவும் நடக்கவில்லை என்றுதான் பொருள்.

நவம்பர் கடைசி வாரத்தைப் பற்றி நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பொதுவாகப் புயல் உருவாவதில்லை. பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை அங்கே மிகவும் குறைவு. 2001 டிசம்பரில் ஜோகூரைத் தொட்ட வாமெய் புயலை அபூர்வம் என்று பாடமாகவே சொல்வார்கள். இந்த ஆண்டு மலாக்கா நீரிணைக்கு உள்ளேயே சென்யார் புயல் உருவாகி, வடக்குச் சுமத்திராவில் கரையேறி, பிறகு நம் தீபகற்பத்தின் பக்கம் திரும்பியது. சுமத்திராவில் வெள்ளமும் நிலச்சரிவும் ஊர் ஊராக அழித்தன. அதற்குச் சற்று முன் தென் தாய்லாந்தின் ஹட்யாய் நகரம் மூழ்கியிருந்தது. நம் வடமாநிலங்களிலும் நாள்கணக்கில் மழை. இப்படி ஒரு வாரம் நம் வாழ்நாளில் மறுபடி வருமா என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரத்தில் தினமும் நினைவூட்டி எழுதினேன். சிலர் கட்டைவிரல் படம் மட்டும் போட்டார்கள், அளவு வரவில்லை. பாலிக் பூலாவ் பக்கத்திலிருந்து ஒன்றுமே இல்லை. மலையின் மேற்குப் பக்கம் அந்த வாரம் எவ்வளவு வாங்கியது என்பதற்கு நம்மிடம் இனி ஒருபோதும் பதில் கிடையாது.

கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. மண்டப வாடகை, பந்தல் செலவு, மழைமானிகள் ஆகியவை முக்கியச் செலவுகள். மழைமானிகளுக்கான தொகையில் ஒரு பகுதியை இரண்டு அன்பர்கள் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நன்கொடையாகத் தந்தார்கள். ஆகவே சங்கப் பணம் முழுவதும் அதில் போய்விட்டது என்பது உண்மையில்லை. சந்தா நிலுவைதான் உண்மையான சிக்கல். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. சிலருக்குச் சென்ற ஆண்டுப் பாக்கியும் இருக்கிறது. ஆண்டுக்கு 30 ரிங்கிட். வசதியில்லாதவர்கள் என்னிடமோ பொருளாளரிடமோ தனியாகச் சொன்னால் போதும், யாரையும் நீக்கப்போவதில்லை. ஆனால் புலனக் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவர்கள் சந்தா பற்றிய செய்திக்கு மட்டும் மௌனமாக இருப்பது வேதனை தருகிறது.

தலைவர் ஐயாவுக்கும், துணைச் செயலாளருக்கும், பொருளாளருக்கும், உள்கணக்காய்வாளர்களுக்கும், உரையாற்றிய பேராசிரியர்களுக்கும், இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேநீரும் பலகாரமும் கொண்டுவந்த மகளிர் பகுதிக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. ஏழு வீடுகள் இன்னொரு முழு ஆண்டுக்கு எழுதச் சம்மதித்திருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் விடாமல் இருந்தால், பல்கலைக்கழகத்தில் நிலச்சரிவைப் பற்றி ஆராய்பவர்கள் முன் கூச்சமில்லாமல் கொண்டுபோய் வைக்கலாம் என்பது என் ஆசை. ஏழு போதாது. தெலுக் பஹாங், பாலிக் பூலாவ் இரண்டு இடங்களுக்கும் ஆள் கட்டாயம் வேண்டும். செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைச் சபை முடிவு செய்யட்டும். வேறொருவர் வந்தால் பதிவேடுகளையும் தொகுப்பையும் அன்றே ஒப்படைத்துவிடுவேன், என் வீட்டு மானியில் எப்போதும்போல் அளந்துகொண்டிருப்பேன். நானே தொடர வேண்டும் என்றால், தினமும் காலையில் ஐந்து நிமிடம் தரக்கூடிய ஆட்கள் எனக்கு வேண்டும்.

மானியை வாங்கிக்கொண்டு பயன்படுத்தாமல் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள். தைப்பூசத்துக்கு முன் வேறு வீடுகளில் பொருத்த வேண்டும். புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கான படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேதான், பொருளாளர் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்.

இவண்,
செயலாளர்
பினாங்கு