செயலாளர் ஆண்டறிக்கை: திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் மரபு நடைக் குழுவின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: நம் ஊரின் வாலாஜா பெரிய பள்ளிவாசல்.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தார் எழுப்பிய இந்தப் பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டைச் சிலர் 1794 என்கிறார்கள், சிலர் 1795 என்கிறார்கள். விடை கல்வெட்டிலேயே இருக்கிறது. அதை இயற்றியவர் இந்து அறிஞரான ராஜா மக்கன் லால் கிராத். அதில் வரும் ‘ஜிக்ருல்லாஹி அக்பர்’ என்ற தொடரை, அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு தரும் அப்ஜத் முறையில் கூட்ட வேண்டும். முதல் சொல்லான ‘ஜிக்ர்’ என்பதில் தால் (ذ) 700, காஃப் 20, ரா 200, ஆக 920. அல்லாஹ் 66. அக்பர் என்பதில் அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200, ஆக 223. மொத்தம் 1209, அதுதான் ஹிஜ்ரி ஆண்டு. அது 1794 ஜூலை இறுதியில் பிறந்து 1795 ஜூலையில் முடிந்ததால் இரண்டு ஆண்டுகளுமே வழக்கில் வந்துவிட்டன. 1209உடன் ஹிஜ்ரி தொடங்கிய 622ஐ நேராகக் கூட்டி 1831 என்று சொல்வது தவறு. ஹிஜ்ரி சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ‘ஜிக்ர்’ சொல்லின் முதல் எழுத்தின் (ذ) மேற்புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 4 மதிப்புள்ள வேறோர் எழுத்தாகி (د), கூட்டுத்தொகை 513க்கு இறங்கிவிடும். செதுக்கிய எழுத்தின் மேல் பெயின்ட் பூசக் கூடாது என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். முதலில் அடைபடுவது புள்ளிதான்.

கட்டடம் முழுவதும் சாம்பல் நிறக் கருங்கல். மரமும் இல்லை, இரும்பும் இல்லை. மெரினா உப்புக்காற்றில் இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது. மரம் இல்லாததால் கரையானுக்கு வேலை இல்லை. இரும்பு துருப்பிடித்தால் பருமன் பெருத்துக் கல்லைப் பிளந்துவிடும். அந்த ஆபத்தும் இல்லை. பிற்காலத்தவர் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் இரும்பு ஆணி அடிக்கும்போதுதான் பழைய கல் கட்டடங்களில் விரிசல் தொடங்குகிறது. பொருத்தியே ஆக வேண்டுமானால் துருப்பிடிக்காத எஃகைக் கல் இணைப்பில் பொருத்தலாம், கல்லைத் துளைக்கக் கூடாது.

இணைப்புகளை நிரப்பச் சுண்ணாம்புச் சாந்தே சரி. கருங்கல் ஈரத்தை எளிதில் விடாது. இணைப்பு வழியாகத்தான் அது வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்தால் உப்பு ஓரங்களில் பூத்துக் கல் பொரியும். இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்கினால் சாந்து பெயர்ந்து வேர் உள்ளேயே தங்கும். மழைக்கு முன் அடியோடு வெட்டி, வேரை மருந்திட்டுக் கொன்ற பிறகே இடுக்கை மூட வேண்டும்.

வளாகத்தில் 1810இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் மௌலானா அப்துல் அலி பஹ்ருல் உலூம், 1972இல் மறைந்த காயிதே மில்லத் ஆகியோரின் அடக்கத்தலங்கள் உள்ளன. ரமலானில் இங்கே நோன்பு திறக்க உணவு பரிமாறுபவர்கள், சிந்தி இந்து ஒருவர் தொடங்கிய மயிலாப்பூர் சூஃபிதர் அமைப்பின் தொண்டர்கள். கல்வெட்டை இயற்றியவரையும் இவர்களையும் சேர்த்தே நம் மரபு நடைப்பயணத்தில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

வரும் ஆண்டில், பள்ளிவாசல் நிர்வாகத்தின் அனுமதி பெற்று, பக்கவாட்டில் சாய்வாக ஒளி விழும்படி வைத்துக் கல்வெட்டைப் படமெடுக்கும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். எண்ணெய், சுண்ணாம்புப் பொடி எதுவும் எழுத்தின் மேல் தடவப்படாது.

செயலாளர்