பெட்டி வந்ததோ தம்பி

தம்பி,

பெட்டி வந்து சேந்ததோ? போன கிழமை அனுப்பினது, இன்னும் ஒரு மெசேச்சும் காணேல்ல. எங்கட கொக்ஸ் அப்பிள்தான், பதினாறு போட்டிருக்கிறன், ஆளுக்கு எட்டு. உடன சாப்பிடாத, குளிரான இடத்தில மூண்டு நாலு கிழமை கிடக்கட்டும், தோலில இருக்கிற பச்சை மஞ்சளாகோணும், காதுக்குக் கிட்டப் பிடிச்சுக் குலுக்கினா உள்ள விதை கலகலக்கும், அப்ப வெட்டு. ரெண்டு பழத்தில கறுப்புச் சொறி இருக்கு, தோலைச் சீவினாச் சரி, எறிஞ்சு போடாத.

இந்த முறை ஏணியில நானே ஏறினனான், கோவிக்காத. அப்பா சொல்லித் தந்த மாதிரி உள்ளங்கையில ஏந்தி மெல்லத் தூக்கித் திருப்பினன், தானாக் கழண்டுது. நீயும் அவரும் கோல்ன்புறூக் ஊர் முழுக்க அலைஞ்சு திரிஞ்சது ஞாபகம் வந்துது. பியர் வடிச்சு ரிட்டயரான ரிச்சர்ட் கொக்ஸ் 1825 அளவில அங்க றிப்ஸ்டன் பிப்பின் எண்ட அப்பிளின்ர விதையில முளைக்க வச்ச மரம், அவர் 1845இல கண்ணை மூடின பிறகு எங்கட ஸ்லவ் நேர்சரிக்காரர் சார்ள்ஸ் ரேர்ணர் வித்துத்தான் பேர் எடுத்தது எண்டு எழுதினியே, ரீச்சர் வகுப்பில வாசிச்சுக் காட்டினவ, அந்தக் கொப்பி இப்பவும் என்ர அலுமாரியில கிடக்கு. அவ்வளவு கெட்டிக்காரன், அம்மாவுக்கு ஒரு போன் எடுக்கத்தான் நேரமில்லை.

போன ரெண்டு முறையும் கதைக்கேக்க உன்ர பக்கத்தில வேற ஒரு சத்தமும் கேக்கேல்ல. பிள்ளை வேலையால வரேல்லையாக்கும் எண்டு நினைச்சன். நேரத்துக்குச் சாப்பிடு. பழத்தை உடன சாப்பிடாத.

பிள்ளை முதல் முதல் வீட்டுக்கு வந்தது ஓகஸ்ட் கடைசி. மரத்தில ஒண்டைப் புடுங்கிக் கடிச்சிட்டு, புளிக்குது அன்ரி எண்டு சிரிச்சவ. மாமி, மச்சாளவை எல்லாரும் இருக்கத்தக்கதா நான், காய் எது பழம் எது எண்டு தெரியாம வளத்திருக்கினம் எண்டு சொல்லிப்போட்டன். கடிச்ச பழத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியாமக் கையிலயே வச்சுக்கொண்டு நிண்டவ. நீ பாத்தனி, ஒண்டும் சொல்லேல்ல. புடுங்கின பிறகும் வச்சுத்தான் சாப்பிடோணும் எண்டு அவவுக்கு ஆர் சொன்னது? நான் எல்லோ சொல்லியிருக்கோணும். மூண்டு வருசமாச்சு, ஒரு சொல் மன்னிப்புக் கேக்கேல்ல தம்பி. பிழை என்னில.

அந்த எட்டும் அவவின்ர. எங்க இருந்தாலும் கொண்டுபோய்க் குடு, கலகலக்கிற மட்டும் வச்சிருக்கச் சொல்லு.

அம்மா