ஸ்லைடு பார்க்கும் கண்ணுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

மருத்துவ ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கருப்பைவாய்ச் செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, புற்றுநோய்க்கான மாற்றம் உண்டா என்று மைக்ரோஸ்கோப்பில் தேடும் பாப் ஸ்மியர் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் அக்காவுக்கு எடுத்த ஸ்மியர் 'நார்மல்'. அந்தத் தாளை ரேஷன் கார்டோடு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாள். இடையில் உதிரப்போக்கு வந்தபோதும், "அதான் நார்மல்னு வந்துடுச்சே" என்று தாளை நம்பி எட்டு மாதம் ஓட்டிவிட்டாள். இப்போது கருப்பைவாய்ப் புற்றுநோய். பழைய ஸ்லைடு கேட்டு ஆய்வகத்துக்கு ஐந்து முறை நடந்தேன். கடைசியில் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள், பென்சிலால் எண் எழுதிய ஒரு கண்ணாடித் துண்டு. போன வாரம் வேறொரு நோய்க்குறியியல் மருத்துவர் அதை மைக்ரோஸ்கோப்பில் எனக்கே காட்டினார். ஓரத்தில் செல்களின் சிறு கொத்து. உட்கரு பெருத்து, நாவல்பழத் தோல்போல் கறுத்திருந்தது. "முடிவு தெரிஞ்சு பார்த்தா கண்ணுல படத்தான் செய்யும்" என்றும் நேர்மையாகச் சொன்னார்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே பத்துப் பதினைந்தைத் தேடுகிற வேலை, யாருக்கும் தவறும். தண்டிக்கச் சொல்லவில்லை. எத்தனை தவறுகிறது என்று எண்ணச் சொல்கிறேன். 'நார்மல்' என்றவற்றில் எத்தனையை மறுபடி பார்க்கிறீர்கள் என்று அந்த ஆய்வகத்தில் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்றார்கள். பக்கத்திலேயே ஃப்ரிட்ஜ் கதவில் வெப்பநிலை அட்டை, தினம் இரண்டு கையெழுத்தோடு.

அமெரிக்காவில் 1988லேயே சட்டம் வந்துவிட்டது. ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. நார்மல் என்றவற்றில் குறைந்தது 10 சதவீதத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பெண்ணுக்குத் தீவிர மாற்றம் தெரிந்தால் முந்தைய 5 வருட நார்மல் ஸ்லைடுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 2005 முதல் ஸ்லைடு பார்க்கும் மருத்துவர்களுக்கும் ஆண்டுத் தேர்வு: 2 மணி நேரம், 10 ஸ்லைடு, 90 மதிப்பெண் எடுத்தால் பாஸ்.

இங்கே, பெண்கள் பரிசோதனைக்கு வருவதில்லை என்று மேடைக்கு மேடை வருந்துகிறார்கள். வந்தவளுக்கு என்ன செய்தீர்கள் ஐயா? ஃப்ரிட்ஜுக்கு இருக்கிற மரியாதையாவது அவள் ஸ்லைடுக்குக் கிடைத்ததா?

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஸ்லைடு பார்க்கும் ஒவ்வொருவரும் எத்தனையைத் தவறவிடுகிறார் என்று ஆண்டுதோறும் எண்ணுங்கள். அந்த எண்ணை ஆய்வகத்தின் பெயரோடு வெளியிடுங்கள். அக்காவின் ஸ்லைடு என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தம்பி