கண்ணகி நகர் சுவர்களுக்கு ஒரு வாத்தியார் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் சுவரோவியர் ஹெக்டர் துவார்த்தே பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மெக்சிகோவின் மிச்சோவாகானில் பிறந்து, அந்நாட்டின் புகழ்பெற்ற சுவரோவியர் சிகேரோஸின் பட்டறையில் படித்து, 1985-இல் சிகாகோவுக்குக் குடியேறி, 50-க்கும் மேற்பட்ட சுவரோவியங்களில் பங்கெடுத்தவர். எனக்கு இதையெல்லாம் விடப் பெரிதாகப் பட்டது, அந்நகரில் மெக்சிகோக்காரர்கள் நிறைந்த பில்சன் பகுதியிலேயே அவர் பட்டறை வைத்திருப்பதுதான். அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில், குட்டி மனிதர்கள் கட்டிப்போட்ட கதை நாயகன் கல்லிவரைப் போல, முள்கம்பியில் சிக்கிய ஒரு குடியேறியை வரைந்திருக்கிறார். வரைந்தவரைத் தெரு அறியும். சந்தேகம் கேட்க நினைக்கும் பிள்ளைக்குக் கதவு பக்கத்திலேயே இருக்கிறது.

நம் சென்னையின் கண்ணகி நகரை நினைத்துக்கொண்டேன். 2000-இல் தொடங்கி, ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட மக்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சொந்த நகரத்துக்குள்ளேயே குடிபெயர்ந்தவர்கள் அவர்கள். 2020-இல் உள்ளூர் ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். முகவரியைச் சொன்னாலே முகம் சுளிக்கப்பட்ட இடத்தைத் தேடிப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் வேலை முடிந்ததும் ஓவியர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். கடல் காற்றிலும் வெயிலிலும் வெளிறும் சுவரை அடுத்த முறை யார் தீட்டுவது?

அங்கேயே வளரும் பிள்ளைகள் தீட்டலாம். கற்றுக்கொடுக்கவும் சென்னையில் ஆள் உண்டு. கட்-அவுட், பேனர் வரைந்தவர்களைத்தான் சொல்கிறேன். உள்ளங்கை அளவுப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, சாரத்தில் ஏறி 40 அடிக்கு முகத்தைக் கொண்டுவந்தவர்கள். கிட்டத்தில் நின்று தீட்டும் முகத்தில் கண் எவ்வளவு பெரிதாக இருந்தால் சாலையிலிருந்து பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியும் என்பது அவர்களுக்குக் கை பழக்கம். எந்தக் கல்லூரியிலும் இதை இவ்வளவு நன்றாகச் சொல்லித்தர முடியாது என்பது என் எண்ணம். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிழைப்பு போனது. அப்புறம் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க மாநகராட்சி ஓவியம் தீட்டியபோது இவர்களில் சிலருக்குக் கொஞ்ச காலம் வேலை கிடைத்தது. அத்தோடு சரி.

நான் ஓவிய ஆசிரியை. 2012-இல் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தது. வாரத்தில் மூன்று அரைநாள், சம்பளம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு உயர்ந்தாலும், அந்த நேரத்துக்குள் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மயிலும் போடச் சொல்லித்தரவே முடிகிறது. சுவருக்குப் பிரைமர் அடிக்க எப்போது சொல்லித்தருவது?

கண்ணகி நகரிலும், அதைப் போலவே மக்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கத்திலும் ஒரு பேனர் ஓவியரையும் ஓர் ஓவிய ஆசிரியரையும் முழுநேரச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஒரு தரைத்தளச் சுவரை மாணவர்களுக்கென ஒதுக்க வேண்டும். என்ன வரைவது என்பதை அந்த பிளாக்கில் குடியிருப்பவர்களே சொல்லட்டும்.

நீங்களும் ஓர் உதவி செய்யலாம். பழைய பேனர் ஓவியர்களைத் தேடிப் பிடித்து, துவார்த்தேவுக்குக் கொடுத்த அதே அளவு பக்கங்களில் பேச வையுங்கள். பலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியை,
பெருங்குடி, சென்னை.