பழைய காயங்களோடு கோதாவில் இறங்குபவர்கள்

ஜப்பான் தொழில்முறை மல்யுத்தக் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் கலையைத் தொலைவிலிருந்து பல ஆண்டுகளாகப் பார்த்து நேசித்து வரும் ஒரு ரசிகனின் மடல் இது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். எம்.எம்.ஏ. என்னும் கலப்புத் தற்காப்புக் கலையில் ஆண்டுக்கணக்கில் அடிபட்ட ஒருவர் மல்யுத்தத்துக்கு வரும்போது, அவருடைய பழைய காயங்களின் கணக்கும் கூடவே வர வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்து, ஆடலாம் என்றோ கூடாது என்றோ சொல்லும் அதிகாரம், அவரை ஒப்பந்தம் செய்யும் நிறுவனத்துக்கு வெளியே நிற்கும் ஒரு மருத்துவரிடம் இருக்க வேண்டும்.

இந்தக் கவலையை எனக்குள் விதைத்தவர், மல்யுத்தத்திலிருந்து எம்.எம்.ஏ.வுக்குப் போய்த் திரும்பிய கசுஷி சகுராபா.

2000 மே 1 அன்று டோக்கியோ டோம் அரங்கில் நடந்த எம்.எம்.ஏ. தொடரில் அவர் பிரேசிலின் ஜுஜுட்சு வீரர் ஹொய்ஸ் கிரேசியோடு மோதினார். 15 நிமிடங்கள் கொண்ட ஆறு சுற்றுகள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். கடைசியில் தோல்வியை ஒப்புக்கொள்ளும் துண்டு கிரேசியின் பக்கத்திலிருந்துதான் வந்து விழுந்தது. அதோடு இரவு முடியவில்லை. அதே இரவில், தொடரின் அடுத்த சுற்றில், தன்னைவிட எடை மிகுந்த இகோர் வோவ்சான்சின் எதிரே போய் நின்றார் சகுராபா. இன்றும் அதை நினைத்தால் என் உள்ளங்கை வியர்க்கிறது.

அதற்கும் முன்னால், 1997 டிசம்பரில் ஜப்பானில் நடந்த யு.எஃப்.சி. என்னும் அமெரிக்க எம்.எம்.ஏ. நிறுவனத்தின் போட்டியில் வென்றுவிட்டு அவர் சொன்ன சொல்லை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்: "தொழில்முறை மல்யுத்த வீரர்கள் உண்மையில் வலிமையானவர்கள்தான்." யு.டபிள்யூ.எஃப். இன்டர்நேஷனல் என்னும் மல்யுத்த நிறுவனத்தில் பழகி வந்த பிள்ளை தன் தாய்வீட்டின் மானத்தை மீட்டுக் கொடுத்த நாள் அது. மல்யுத்தம் வெறும் நாடகம் என்று ஏளனம் செய்தவர்களுக்கு உங்களிடம் இருந்த மிகப் பெரிய பதில் அந்த ஒரு மனிதர்தான்.

அந்தப் பதிலுக்கு அவருடைய உடல் கொடுத்த விலை கொஞ்சமல்ல. தன்னைவிடக் கனத்த பிரேசில் வீரர் வாண்டர்லெய் சில்வாவிடம் 2001இல் இரண்டு முறை, 2003இல் ஒரு முறை என்று மூன்று தோல்விகள். 2006 ஆகஸ்டில் லித்துவேனிய வீரர் ஸ்மிர்னோவாஸுடன் நடந்த சண்டையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குத்துகளில் நிலைகுலைந்து கயிறுகளுக்கு இடையே சரிந்தவரை நடுவில் இழுத்து வைத்துச் சண்டையைத் தொடர விட்டார்கள். பிறகு எதிராளியின் முழங்கையை மடக்கும் பூட்டுப் பிடியில் அவரே வென்றார். வென்றார் என்பதற்காக அந்தக் காட்சியை என்னால் கொண்டாட முடியவில்லை. 2010 கடைசி நாளில் நடந்த இன்னொரு சண்டையில் அவருடைய காது பாதி கிழிந்து தொங்கியது. மருத்துவர் சண்டையை நிறுத்தினார்.

2012 ஆகஸ்டில், தம் 43ஆம் வயதில், கத்சுயோரி ஷிபாத்தா என்னும் வீரரோடு அவர் நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தின் கோதாவுக்குத் திரும்பினார். அடுத்த ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஷின்சுகே நகாமுராவோடு அவர் ஆடிய ஆட்டத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. மெய்யான பூட்டு எது, ஒத்திகைப் பூட்டு எது என்று கண்டுபிடிக்க முடியாத அழகு அதில் இருந்தது. 2019 முதல் நோவா என்னும் மல்யுத்த நிறுவனத்தில் ஆடி, தகாஷி சுகியுராவோடு இருவர் அணிக்கான பட்டமும் வென்றார். இந்தத் திரும்புதலைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் வந்ததால் மல்யுத்தம் வளம் பெற்றது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், சில சமயம் உள்ளே இருப்பவர்களும், இந்த மாற்றத்தை ஓய்வுக்கால வேலை போல எண்ணிவிடுகிறார்கள். முடிவு முன்பே பேசிவைத்தது என்றால் அடி எங்கே படப் போகிறது என்ற நினைப்பு. ஆனால் எம்.எம்.ஏ. வீரர் இருபது ஆண்டுகளாகப் பழகியது விழாமல் இருப்பதற்கு. விழுந்தாலும் உடனே புரண்டு எழுவார். பூட்டு இறுகினால் கையால் தட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டு தப்பித்துக்கொள்வார். மல்யுத்தத்தில் அவர் முதலில் படிக்க வேண்டிய பாடமோ உகெமி, விழும் கலை. எதிராளி தூக்கும்போது உடலைக் கொடுத்து, முதுகு பரவப் பலகையில் விழ வேண்டும். கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கணம் பிந்தினாலும் தலை முதலில் போய்விடும். காற்றில் இருக்கும்போது தட்டித் தப்பிக்க வழி இல்லை. இளம் பயிற்சியாளர் ஒருவர் பதினெட்டு வயதில் நாள்தோறும் விழுந்து விழுந்து உடம்பில் ஏற்றிக்கொள்ளும் பாடம் அது. நாற்பதை நெருங்கி, ஏற்கெனவே நைந்த கழுத்தோடு வருபவருக்கு அதே பாடம் எத்தனை கடினம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

யோஷிஹிரோ தகாயாமாவின் பெயரை எழுதாமல் என்னால் இந்த மடலைத் தொடர முடியாது. சகுராபாவோடு ஒரே நிறுவனத்தில் பழகியவர். 2002 ஜூனில் ஓர் எம்.எம்.ஏ. சண்டையில் டான் ஃபிரையும் அவரும் ஒருவர் தலையை ஒருவர் பிடித்துக்கொண்டு மாறி மாறிக் குத்திக்கொண்ட காட்சி உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. 2004இல் மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விழுந்தார், மீண்டும் வந்தார். 2017 மே 4 அன்று ஒசாகா மாகாணத்தின் டொயோனாகாவில், எதிராளியின் மேலாகப் பாய்ந்து உருட்டும் ஒரு பிடியில், தலை தரையில் மோதிக் கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போனது. உயரத்திலிருந்து குதிக்கவில்லை, நெருப்போடு விளையாடவில்லை. எத்தனையோ வீரர்கள் எத்தனையோ இரவுகளில் செய்கிற பிடி அது. அவருக்கு அப்போது வயது 50.

அதே ஆண்டு ஏப்ரலில் ஷிபாத்தா, எதிராளி ஒகாடாவைத் தலையால் முட்டிய ஆட்டத்துக்குப் பின் உள்ளே போய்ச் சரிந்தார், மண்டைக்குள் ரத்தக்கசிவு. அவரும் எம்.எம்.ஏ.வில் சில ஆண்டுகள் அடிவாங்கித் திரும்பியவர்தான். 2022 ஜனவரி 4 அன்று அவர் மீண்டும் ஆட வந்தபோது, பிடிகள் மட்டும் என்று அறிவிக்கப்பட்டிருந்த ஆட்டத்தை வழக்கமான மல்யுத்தமாக மாற்றுவதாகக் கோதாவில் நின்று அவரே சொன்னார். அரங்கம் மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன், பிறகு வெட்கப்பட்டேன். மண்டைக்குள் ரத்தம் கசிந்த ஒருவர் எந்த விதியில் ஆடலாம் என்பதை ஒலிவாங்கி கையில் இருப்பவர் முடிவு செய்யக் கூடாது, அவர் அந்த வீரராகவே இருந்தாலும்.

உங்கள் நாட்டுக் குத்துச்சண்டைக்கு 1952இலிருந்தே ஆணையம் இருக்கிறது. மூளையில் ரத்தக்கசிவு கண்டவருக்கு அங்கே உரிமம் கிடையாது. மல்யுத்தத்துக்கு அப்படி உரிமம் வழங்கும் பொது ஆணையம் இல்லை. 2009இல் ஹிரோஷிமாவில் மிட்சுஹாரு மிசாவா கோதாவிலேயே விழுந்து அன்றிரவே இறந்தபோது அவர் வீரர் மட்டுமில்லை, நோவாவின் தலைவரும் அவரே. ஓய்வெடு என்று அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி 2023 டிசம்பரில் இந்தக் கூட்டமைப்பை அறிவித்தபோது நான் மனதார மகிழ்ந்ததற்குக் காரணம், அப்படிச் சொல்லக்கூடிய ஓரிடம் இனி வரும் என்ற நம்பிக்கைதான்.

வேறு சண்டைக் கலையிலிருந்து வரும் ஒவ்வொருவருக்கும் முதல் ஆட்டத்துக்கு முன்பே மூளைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எடுங்கள். எத்தனை முறை நினைவிழந்தார், எத்தனை முறை நடுவர் நிறுத்தினார் என்ற பதிவை ஒரு பொதுப் புத்தகத்தில் வையுங்கள். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் போனால் அதுவும் போகட்டும். விழக் கற்கக் குறைந்தபட்சக் காலம் வகுத்து, அதற்குள் பெரிய பெயரை வைத்து டிக்கெட் விற்க அவசரப்படாதீர்கள். அந்தக் காலம் முழுவதற்கும் சம்பளம் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் வலியை மறைப்பார்.

2015 டிசம்பர் 29 அன்று சைத்தாமாவில் நடந்த எம்.எம்.ஏ. சண்டையில் 46 வயது சகுராபாவைக் கீழே கிடத்தி ஷின்யா அவோகி அடித்துக்கொண்டே இருந்தார். முதல் சுற்றிலேயே சகுராபாவின் பக்கத்திலிருந்து துண்டு வந்தது. அன்று வென்ற அவோகியும் பின்னர் டிடிடி என்னும் மல்யுத்த நிறுவனத்தின் கோதாவில் ஆடத் தொடங்கினார்; அவரும் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். அவருடைய பக்கத்தைப் புதிய புத்தகத்தில் முதலில் எழுதத் தொடங்குங்கள். அடுத்து யாரெல்லாம் வரப் போகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் கலையை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்